சக்கரத்தின் நோய் நாடல்

போடிநாயக்கனூரிலிருந்து புறப்பட்டு, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டியே தெற்கு நோக்கிச் சென்று உத்தமபாளையத்தை அடையும் சாலையில், தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே பண்ணைப்புரம் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டில் இளையராஜா பிறந்த ஊர் என்பதனால் அதன் பெயரைத் தமிழகம் முழுதும் அறியும். ஆனால் விடியலுக்கு முன்னரே அந்தச் சாலையில் தொடங்கிவிடும் பிரயாணத்தைப் பற்றி வெளியூரார் அறிந்தது குறைவு. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் ஜீப்புகள் ஏறி இடுக்கி மாவட்டத்தை அடைகின்றன. வேலை முடிந்ததும் அதே மக்களைச் சுமந்துகொண்டு அதே வளைவுகளில் இறங்குகின்றன. ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக அமைந்த அவ்வழிகளில், ஒரு ஜீப்பின் சக்கரத்திலிருந்து நேற்றுவரை கேட்டிராத சப்தம் ஒன்று இன்று எழுமானால், அது உள்ளே அமர்ந்திருக்கும் அத்தனை பேருடைய உயிரோடும் சம்பந்தப்பட்ட விஷயம் ஆகிவிடுகிறது. அத்தகைய சப்தத்தைக் கேட்டு அதன் காரணத்தை எவ்வாறு அனுமானிப்பது, அவ்வனுமானத்தை எவ்வாறு பரீட்சித்து உறுதிப்படுத்துவது என்பதே இவ்வத்தியாயத்தின் பொருள்.

சப்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எல்லோர் வாயிலும் இயல்பாக எழும் முதற்கேள்வி. முன்னால் இருப்பவர் பின்னால் என்பார். பின்னால் இருப்பவர் தம் காலுக்கு அடியில் என்பார். ஓட்டுநர் இடப்பக்க முன்சக்கரம் என்று உறுதியாகச் சொல்லி, ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றிப் பார்த்தால் அது குற்றமற்றதாக இருக்கும். இதில் எவர் மீதும் தவறில்லை. ஒலியின் திசையை மனிதச் செவி அறியும் விதத்தை 1907-ஆம் ஆண்டில் ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு ஆராய்ந்து விளக்கினார். உச்சமான ஒலிகளைத் தலை மறைப்பதனால் ஒரு காதைவிட மறு காதில் அவை மெலிந்து கேட்கும். தாழ்ந்த ஒலிகளோ தலையைச் சுற்றி வளைந்து சென்றுவிடுவதால், அவை ஒரு காதை அடைந்தபின் மறு காதை அடையும் அற்பமான கால வேறுபாட்டைக் கொண்டே திசையை உணர வேண்டியிருக்கிறது. அவ்வேறுபாடு மிக அதிகமாக இருக்கும்போதும் ஒரு வினாடியில் சுமார் ஆயிரத்தைந்நூற்றில் ஒரு பங்குதான். வெட்டவெளியில் இந்தச் சூக்ஷ்மமான கணக்கைச் செவி அற்புதமாகவே செய்துவிடும். ஆனால் வினாடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட ஓர் இரைச்சலின் அலைநீளம் 3.4 மீட்டர், அது ஒரு ஜீப்பின் நீளத்துக்கு ஏறக்குறைய ஈடானது. தன் நீளத்துக்குச் சமமான அலையைத் தன்னுள்ளே அடைத்துக்கொண்ட வண்டியில், தகரமும் கண்ணாடியும் அவ்வலையை எல்லாப் பக்கங்களிலிருந்தும் திருப்பி அனுப்புகின்றன. அது மட்டுமன்று. காற்றில் வினாடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி, எஃகில் ஏறக்குறைய 5,000 மீட்டர் செல்லும். பின்சக்கரத்தில் பிறந்த அதிர்வு ஆக்சிலின் வழியாகவும் ஸ்பிரிங் பட்டைகளின் வழியாகவும் சேஸிஸை அடைந்து, அதன் வழியே ஓடி, எந்தத் தகடு தனக்கு இசைந்த அதிர்வெண்ணில் நடுங்கச் சித்தமாக இருக்கிறதோ அந்தத் தகட்டிலிருந்து வெளிப்படுகிறது. காது அத்தகட்டைச் சுட்டிக்காட்டும். குற்றவாளி வேறிடத்தில் இருப்பான்.

ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் இடத்தைப் பற்றிய கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அச்சப்தம் எதனோடு சேர்ந்து மாறுகிறது என்று கேட்கிறார். வேகம் கூடினால் கூடுகிறதா, பிரேக் மிதித்தால் நிற்கிறதா, வளைவில் எழுகிறதா, சாலையின் தரை மாறினால் மாறுகிறதா? ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிலைமையை மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொண்டு விளைவைக் கவனிப்பது எந்த ஆராய்ச்சிசாலையிலும் கைக்கொள்ளப்படும் முறை. கால வேறுபாட்டிலிருந்து திசையை ஊகிப்பதில் தடுமாறும் அதே செவி, ஒலியின் தாளத்தையும் சுருதியையும் அவற்றின் மாறுதலையும் உணர்வதில் எந்தக் கருவிக்கும் இளைத்ததன்று. ஆதலின் செவிக்கு வல்லமை உள்ள வேலையையே செவிக்குக் கொடுக்க வேண்டும்.

முதலில் தீர்க்கப்பட வேண்டியது, சப்தம் இஞ்சினின் ஓட்டத்தைப் பின்பற்றுகிறதா, சக்கரத்தின் ஓட்டத்தைப் பின்பற்றுகிறதா என்பது. சமதளமான சாலையில், ஒரே வேகத்தில், மூன்றாம் கியரில் ஒரு முறையும் நான்காம் கியரில் ஒரு முறையும் ஓட்டிப் பார்த்தால் போதும். வண்டியின் வேகம் மாறாதிருக்க இஞ்சினின் சுழற்சி மட்டும் மாறுவதால், சுருதி மாறாத சப்தம் சக்கரத்தையோ சக்கரத்தோடு இணைந்து சுழலும் ஆக்சில், சாஃப்ட் முதலியவற்றையோ சேர்ந்தது என்று கொள்ளலாம். கிளட்ச்சை மிதித்து இஞ்சினை விடுவித்துப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அதைச் சமதளத்தில் மாத்திரம் செய்ய வேண்டும். மலையிறக்கத்தில் கியரை விடுவிப்பது எந்தப் பரீட்சைக்காகவும் செய்யத் தகாத காரியம்.

சக்கரத்தைச் சேர்ந்தது என்று தெளிந்தபின், எண்ணத் தொடங்கலாம். ஜீப்பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். மணிக்கு 40 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 11 மீட்டர். ஆகவே அவ்வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஐந்து தடவை சுற்றுகிறது. இந்த ஐந்து என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பல புதிர்கள் விடுபடும். மனிதச் செவி வினாடிக்கு சுமார் 20-க்குக் கீழ்ப்பட்ட தட்டல்களைத் தனித்தனித் தட்டல்களாக, அதாவது லயமாகக் கேட்கிறது. அவ்வெல்லையைக் கடந்ததும் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரு ஸ்வரமாகக் கேட்கத் தொடங்குகின்றன. சுற்றுக்கு ஒரு தடவை நிகழும் குற்றம், 40 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஐந்து தட்டல்களாக, எண்ணக்கூடிய தாளமாகவே இருக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் தாளமும் பாதியாகும். டயரின் பட்டன்களுக்கிடையே சிக்கிய கல், டயரில் ஓரிடத்தில் புடைத்த வீக்கம், வட்டம் கெட்ட பிரேக் டிரம், தளர்ந்துபோன வீல் நட்டு ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. மாறாக, சுற்றுக்கு ஐம்பது பட்டன் கொண்ட டயர் அதே வேகத்தில் வினாடிக்கு 250 தடவை தரையை அறையுமாதலால், அதன் குரல் நல்ல ஸ்வரமாகவே ஒலிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, தாளமென்றும் சொல்ல முடியாத, ஸ்வரமென்றும் சொல்ல முடியாத கரகரப்பான ஓர் இரைச்சல் உண்டு. வீல் பேரிங்கின் குரல் அது.

ஹப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் அந்த உறுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதே பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பாரம் சுமந்த மாட்டு வண்டிகளில், சக்கரத்தின் குடம் அச்சின்மேல் உராய்ந்துகொண்டே சுழன்றது. அவ்வுராய்வைத் தணிக்க வண்டி மை தடவுவார்கள். பேரிங்கின் தத்துவம் உராய்வதற்குப் பதிலாக உருளச் செய்வது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே எஃகுக் குண்டுகளோ உருளைகளோ வரிசையாக இருந்து, ஒரு கூட்டினால் ஒன்றோடொன்று முட்டாமல் விலக்கப்பட்டு, பாரத்தைத் தாங்கியவாறே உருள்கின்றன. ஜீப்பின் முன்சக்கரத்தில் இருப்பவை கூம்பு வடிவ உருளைகள். ஒர்க்‌ஷாப்பில் உள்வளையத்தைக் கோன் என்றும் வெளிவளையத்தைக் கப் என்றும் சொல்வார்கள். உருளை வளையத்தைத் தொடும் பரப்பு மிகக் குறுகியது. வளைந்த இரு பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போது அத்தொடுபரப்பில் எழும் அழுத்தத்தை 1880-களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டியவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். பிற்காலத்தில் மின்காந்த அலைகளைப் பரிசோதனையால் நிரூபித்து, அதிர்வெண்ணின் அலகுக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற அதே ஜெர்மானியர். அவருடைய கணிதத்திலிருந்து தெரியவரும் ஓர் உண்மை வியப்புக்குரியது: உலோகத்தை அதிகமாக வருத்தும் வெட்டு விசை அதன் மேற்பரப்பிலே இல்லாமல், சற்று உள்ளே இருக்கிறது. லட்சக்கணக்கான சுழற்சிகளுக்குப் பின் அங்கேதான் நுண்ணிய வெடிப்புப் பிறக்கிறது. மெல்ல மெல்ல மேலேறி வருகிறது. ஒரு நாள் மேற்பரப்பிலிருந்து ஒரு செதில் பெயர்ந்து குழி விழுகிறது. அதுவரை வெளியே பளபளவென்று குற்றமற்றுத் தோன்றிய பேரிங், அந்த நாள் முதல் பேசத் தொடங்குகிறது.

எத்தனை சுழற்சிக்குப் பின் அந்த நாள் வரும் என்பதை ஸ்வீடன் நாட்டின் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் என்னும் இருவர் 1947-இலும் 1952-இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் வகுத்துக் கூறினார்கள். குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. உருளைப் பேரிங்கின் ஆயுளோ அதைவிடச் சற்றுக் கூடிய வேகத்திலேயே, மூன்றே கால் படியைத் தாண்டிய விகிதத்தில், குறைகிறது. இந்த வாய்பாட்டை மலையேறும் ஜீப்புக்குப் பொருத்திப் பாருங்கள். பேரிங்கின்மேல் விழும் சுமை ஒன்றரை மடங்கானால் அதன் ஆயுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். இரு மடங்கானால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கூலி வேலைக்குச் செல்வோரை அளவுக்கு மீறி அடைத்துக்கொண்டு செல்வதன் அபாயத்தைப் பிரேக்கைப் பற்றியும் கவிழ்வதைப் பற்றியும் மட்டுமே நினைத்துப் பேசுகிறோம். அவ்வண்டிகளின் ஹப்புக்குள்ளே நிகழும் இந்தச் சேதமும் அதே அபாயத்தின் ஒரு பகுதி என்பதை வண்டி உரிமையாளர்களும், அவர்களை அமர்த்தும் தோட்டத்தாரும் உணர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை உணராமல் இருப்பதற்கு இந்தக் கணக்கு அறியப்பட்ட பின் நியாயம் கிடையாது.

இனி, குழி விழுந்த பேரிங் எப்படிப் பேசுகிறது? உதாரணத்துக்கு, ஒரு பேரிங்கில் பன்னிரண்டு உருளைகள் இருப்பதாகவும், உருளையின் குறுக்களவு உருளைகள் வலம்வரும் வட்டத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், உள்வளையத்தில் உள்ள குழியை உருளைகள் 7.2 தடவை கடக்கின்றன; வெளிவளையத்தில் உள்ள குழியை 4.8 தடவை கடக்கின்றன. இரண்டையும் கூட்டினால் உருளைகளின் எண்ணிக்கையாகிய பன்னிரண்டு வருவதைக் காணலாம். எந்தப் பேரிங்குக்கும் இது பொருந்தும். அவ்விரண்டும் முழு எண்களாக இல்லாதிருப்பதிலேதான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. டயரில் சிக்கிய கல்லின் தாளம் சக்கரத்தின் சுற்றோடு பிசகாமல் ஒத்துப்போகும். பேரிங்கின் தட்டல் சக்கரத்தின் சுற்றோடு ஒருபோதும் ஒத்துப்போகாமல், ஒவ்வொரு சுற்றிலும் சற்றே நழுவிக்கொண்டே இருக்கும். 40 கி.மீ. வேகத்தில் முன் சொன்ன பேரிங் வினாடிக்கு 36 அல்லது 24 தட்டல்களைத் தருகிறது. லயமும் சுருதியும் சந்திக்கும் எல்லைக்கு அருகில் இருக்கும் எண்கள் இவை. ஒவ்வொரு தட்டலும் வளையத்தையும் ஹப்பையும் அவற்றுக்கே உரிய, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் உச்சத்தில் ஒலிக்கச் செய்வதால், தாழ்ந்த அதிர்வின்மேல் உச்சமான கரகரப்பு ஏறி, ஓவென்ற இரைச்சலாகக் காதில் விழுகிறது. மேலும், பாரம் தாங்கும் பகுதி பேரிங்கின் ஒரு பக்கத்திலேயே இருப்பதால், சுழலும் வளையத்தில் உள்ள குழி அப்பகுதிக்குள் வரும்போது சப்தம் ஓங்கியும் விலகும்போது தணிந்தும், சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கும். சுழலாத வளையத்தில் உள்ள குழி, பாரத்தின் கீழேயே அமைந்துவிட்டால், ஒரே ஸ்தாயியில் இரைந்துகொண்டிருக்கும். பெரிய தொழிற்சாலைகளில் அதிர்வை அளக்கும் கருவிகள் இந்த எண்களைத் தேடியே பேரிங்குகளைச் சோதிக்கின்றன. பழகிய செவி இதே வேறுபாட்டை எண் அறியாமலேயே உணர்கிறது.

எந்தப் பக்கத்துப் பேரிங் என்று தீர்மானிக்க, மலைச்சாலையே ஒரு பரிசோதனைக் கருவியாக வந்து உதவுகிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் வழியில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவில் திரும்பும் வண்டியின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்; எவ்வளவு சாய்கிறது என்பதைக் கணக்கிட்டால்தான் அதன் பலம் புலப்படும். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு ஜீப், 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்புவதாகக் கொண்டால், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் ஏறத்தாழ கால் பங்கு. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்திலும், இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் 130 சென்டிமீட்டராகவும் இருந்தால், ஏறக்குறைய 200 கிலோ பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறுகிறது. நேர்ச்சாலையில் பக்கத்துக்கு 750 கிலோவாக இருந்தது, வளைவில் ஒரு பக்கம் 950-ஆகவும் மறு பக்கம் 550-ஆகவும் ஆகிறது. இடப்பக்கம் திரும்பும் வளைவிலெல்லாம் சப்தம் ஓங்கி, வலப்பக்கம் திரும்பும் வளைவிலெல்லாம் தணிந்தால், வலப்பக்கச் சக்கரத்தின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மறுதலையாக இருந்தால் இடப்பக்கத்தை. கொண்டை ஊசி வளைவுகள் மாறி மாறி வருவதால், அரை மணி நேரத்துக்குள் இந்தப் பரீட்சை பல தடவை திரும்பத் திரும்ப நிகழ்ந்துவிடுகிறது. ஒரு முறை கேட்டதை அடுத்த வளைவு சரிபார்க்கிறது. சில பேரிங்குகளின் அமைப்பினால் பாரம் ஏறும்போது சப்தம் அடங்குவதும் உண்டு என்பதால் இதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் வலுவான சந்தேகமாகக் கொள்வதே முறை. இளம் பருவத்துக் கோளாறை நேர்ச்சாலையில் கேட்காமல் இரண்டொரு வளைவுகளில் மட்டும் கேட்பவர்கள், அதை அலட்சியம் செய்துவிடக் கூடாது. நோய் தொடங்கும் காலத்தில் அது அப்படித்தான் தோன்றும்.

பேரிங்கின் குரலை அச்சாக அனுகரிக்கக் கூடியது டயர். சக்கரங்களின் கோணம் பிசகியோ, ஷாக் அப்சார்பர் சோர்ந்தோ, பட்டன்கள் ஒரு புறம் உயர்ந்தும் மறு புறம் தாழ்ந்தும் அலையலையாகத் தேய்ந்துபோன டயர், பேரிங் போனதைப் போலவே ஓவென்று இரையும். இதனால் ஏமாந்து, நல்ல பேரிங்கை மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் அநேகர். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி, சாலையின் தரையைக் கவனிப்பது. புதுத் தாரில் ஒரு குரலும், சிமென்டுச் சாலையில் வேறொரு குரலும், சரளைத் தடத்தில் மௌனமும் காட்டினால் அது டயர். ஏனெனில் டயரின் ஒலி பட்டனும் தரையும் சேர்ந்து பிறப்பிப்பது. ஹப்புக்குள் இருக்கும் பேரிங் வெளியே எந்தத் தரை வந்தது என்று அறியாது. இன்னும் சந்தேகம் தீராவிடில், முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். சப்தம் டயரோடு இடம் மாறிச் சென்றால் விடை கிடைத்துவிட்டது.

பிரேக்கின் கிறீச்சொலி வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதன் சாஸ்திரத்தை அறிய நாம் தமிழ்நாட்டு விஞ்ஞானி ஒருவரிடமே செல்லலாம். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன், ஒளிச் சிதறலின் உண்மையைக் கண்டுபிடிப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1918-இல், வில்லினால் மீட்டப்படும் நரம்பின் அதிர்வைப் பற்றிய பெரிய ஆராய்ச்சி நூல் ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டார். பிடிலின் வில் ஒரே சீராக இழுக்கப்பட்டாலும் நரம்பு சீராக நகர்வதில்லை. வில்லோடு ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் செல்கிறது, பின்பு சட்டென்று வழுக்கித் திரும்புகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஓய்ந்திருக்கும் பரப்புகளுக்கு இடையே உள்ள உராய்வு, வழுக்கும் பரப்புகளுக்கு இடையே உள்ளதைவிட மிகுதியாக இருப்பதே இதற்கு மூல காரணம். டிரம்மை அழுத்தும் லைனிங்குக்கும், டிஸ்க்கைக் கவ்வும் பேடுக்கும் இடையே இத்தகைய ஒட்டலும் வழுக்கலும் எழக்கூடும்; டிஸ்க்கின் அதிர்வும் பேடின் அதிர்வும் ஒன்றையொன்று தூண்டி வளர்த்துக்கொள்வதும் உண்டு. அப்பொழுது ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட உச்ச சுருதியில் கிறீச்சொலி பிறக்கிறது. வேகம் குறையக் குறைய சக்கரத்தின் தாளம் மெதுவாகும். இந்தக் கிறீச்சொலியின் சுருதியோ பெரும்பாலும் மாறுவதில்லை. ஏனெனில் அதை நிர்ணயிப்பது சக்கரத்தின் சுழற்சியன்று, உலோகத்தின் இயல்பான அதிர்வெண். மிதித்தால் எழுந்து விட்டால் நிற்கும் கிறீச்சொலி சகிக்கத்தக்கது. மிதிக்கும்போது உலோகத்தை உலோகம் சுரண்டும் கரடுமுரடான ஓசை எழுமானால், லைனிங் முழுதும் தேய்ந்து அதன் ஆணித்தலைகள் டிரம்மைக் கீறுகின்றன என்று பொருள். அந்த ஓசையோடு எந்த ஜீப்பும் மலையேறலாகாது. மழைக்காலத்து இரவு முழுதும் நனைந்து நின்ற வண்டியில், காலையில் முதல் சில மிதிப்புகளில் மட்டும் டிஸ்க் கரகரத்து அடங்கினால், மேலே படர்ந்த மெல்லிய துரு உரிந்தது என்று அறிந்து அமைதி பெறலாம். டிஸ்க்குக்கும் அதன் பின் உள்ள தகட்டுக்கும் இடையே புகுந்த சிறு கல் பயங்கரமாக அலறும். அலறலின் அளவைக் கொண்டு நோயின் கடுமையை மதிப்பிட முடியாது என்பதற்கு அது நல்ல திருஷ்டாந்தம்.

பிரேக்குக்கும் பேரிங்குக்கும் மலைச்சாலையில் ஓர் உறவு உண்டு. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் வண்டி சுமார் 1,000 மீட்டர் உயரத்தை இழக்கிறது. 1,500 கிலோ எடை அவ்வளவு உயரத்தை இழக்கும்போது வெளிப்படும் சக்தி, ஐம்பது லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை இஞ்சின் ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரில் பிரேக்கை மிதித்தவாறே இறங்கினால் அத்தனையும் டிரம்களில் வெப்பமாகத் தேங்கி, ஹப்புக்குள் புகுந்து, கிரீஸை உருக்கி, ஆயில் சீலைக் கடந்து ஒழுகச் செய்யும். கிரீஸ் இழந்த பேரிங் சில நாள் சென்று இரையத் தொடங்கும்போது, அதன் காரணம் முன்னொரு நாள் இறக்கத்தில் காலால் மிதிக்கப்பட்டது என்பது எவருக்கும் நினைவிருக்காது.

ஓட்டத்தில் பிறந்த சந்தேகத்தை நிறுத்திய வண்டியில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சற்றுத் தூரம் ஓடிவந்தபின், ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாகக் கொதித்தால் அங்கே உராய்வு இருக்கிறது. ஜாக்கியால் தூக்கி, அடியில் தாங்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் பேரிங்கினுடையது. இடமும் வலமுமாக அசைத்தால் மட்டும் தெரிவது ஸ்டியரிங் மூட்டுகளினுடையது. சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே மறு கையை ஸ்பிரிங் பட்டையின்மேல் வைத்தால், செவிக்கு எட்டாத கரகரப்பு விரல்களுக்கு எட்டும். அனுபவஸ்தர்கள் நீண்ட திருப்புளியின் முனையை ஹப்புக்கு அருகே உள்ள சுழலாத பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கேட்பார்கள். 1816-இல் பாரீஸில் லேனெக் என்னும் வைத்தியர் சுருட்டிய காகிதத்தால் இருதயத்தைக் கேட்டதற்கும் இதற்கும் தத்துவம் ஏறக்குறைய ஒன்றுதான். எஃகிலிருந்து காற்றுக்குத் தாவும் இடத்தில் ஒலியில் மிகச் சிறு பகுதியைத் தவிர எஞ்சியதெல்லாம் பிரதிபலித்துத் திரும்பிவிடும். இடையில் காற்றே இல்லாமல் எஃகிலிருந்து எலும்புக்குக் கொண்டுபோனால் அந்த நஷ்டம் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. ஓட்டத்தில் திசையைச் சொல்ல முடியாத அதே செவி, இப்படி ஒவ்வொரு ஹப்பாகச் சென்று ஒப்பிடும்போது இடத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறது.

ரயில்வேயில் இந்தக் கலைக்கு நெடுங்காலமாக மதிப்பு உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் ரயில் வந்தது. 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன அந்தப் பாதை அகலப்பாதையாக்கப்பட்டு 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் போடியை எட்டியது. ரயில் நிலையத்துள் நுழையும்போதே ஓரமாக நின்று, கடந்து செல்லும் ஒவ்வொரு சக்கரத்தின் ஓசையையும் கவனிப்பதும், நின்றபின் அச்சுப்பெட்டியின் வெப்பத்தைப் பரிசோதிப்பதும் இந்திய ரயில்வே ஊழியர்களின் கடமைகளுள் அடங்கும். சுத்தியால் சக்கரத்தைத் தட்டிக் கேட்கும் வழக்கமும் இருந்தது. சந்தையில் பானை வாங்குபவர் விரலால் சுண்டிப் பார்ப்பதைப் போல, வெடிப்பில்லாத சக்கரம் கணீரென்றும் வெடித்தது மந்தமாகவும் ஒலிப்பதை அவர்கள் அறிவார்கள். அந்தச் சாட்சியத்தை மதியாததன் விளைவை 1998 ஜூன் 3 அன்று உலகம் கண்டது. ஜெர்மனியில் எஷெடே என்னும் ஊருக்கு அருகே, மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் சென்ற அதிவேக ரயிலின் ஒரு சக்கரத்தின் வெளிவளையம் உடைந்து, வண்டி தடம் புரண்டு பாலத்தில் மோத, 101 பேர் மாண்டார்கள். அதற்கு முந்திய இரண்டு மாதங்களில், அந்தச் சக்கரம் பொருந்திய பகுதியிலிருந்து சப்தமும் அதிர்வும் எழுவதாக ரயில் பணியாளர்கள் எட்டுத் தடவை எழுத்தில் தெரிவித்திருந்தார்கள். சக்கரம் மாற்றப்படவில்லை. பெரும் கருவிகளைக் கொண்ட தேசத்திலேயே காதால் கேட்டவர்களின் சொல் ஒதுக்கப்பட்டதென்றால், மலைச்சாலையில் பின்னிருக்கையில் அமர்ந்து, இன்றைக்கு வண்டியில் ஏதோ வேறு மாதிரி சத்தம் வருதுண்ணே என்று சொல்லும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணின் சொல்லை எவ்வளவு கவனமாகக் கேட்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாள்தோறும் இரு வேளையும் அதே வண்டியில் செல்லும் அவள், அதன் ஆரோக்கிய காலத்துக் குரலை அறிந்தவள்.

எல்லாவற்றினும் அவசரமானது ஒன்று உண்டு. மெதுவாகச் செல்லும்போது, சக்கரத்தின் சுற்றோடு ஒத்த தாளத்தில், டொக் டொக்கென்று கேட்டு, ஸ்டியரிங்கில் நடுக்கமும் தோன்றினால், எந்த ஆராய்ச்சியும் செய்யாமல் உடனே ஓரங்கட்டி நிறுத்தி வீல் நட்டுகளைப் பார்க்க வேண்டும். தளர்ந்த நட்டுகள் சக்கரத்தின் துளைகளை நீள்வட்டமாகத் தேய்த்துவிடும்; அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, சக்கரத்தையே மாற்ற வேண்டும். வில்லிஸ் காலத்துப் பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் மறுபுரியாக அமைந்தவை. சுழற்சியினால் தாமாகவே கழன்றுகொள்ளும் போக்கைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அதை அறியாமல் வலப்பக்கத்தைப் போலவே திருப்பி, இறுக்கிவிட்டோம் என்று எண்ணித் தளர்த்திவிடுவதும் நிகழக்கூடியதே.

பேரிங்தான் காரணம் என்று தெளிவானால், கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவிடுவது சிக்கனம் போலத் தோன்றினும் வீண் செலவு. பழைய கப்பின் தழும்புகள் புதிய உருளைகளை விரைவில் கெடுக்கும். இரண்டையும் ஜோடியாகவே மாற்றி, ஆயில் சீலையும் புதிதாக்கி, புதுக் கிரீஸை உள்ளங்கையில் வைத்து ஒவ்வோர் உருளையின் இடுக்கிலும் புகும்படி அழுத்தி நிரப்ப வேண்டும். பின்பு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுழற்சி தடைபடுவதை உணர்ந்ததும் கையேட்டில் குறித்த அளவு தளர்த்தி, பூட்டு வாஷரை மடக்கிவிட வேண்டும். பழைய ஜீப்புகளுக்கு அந்த அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்று. இறுக்கம் மிகுந்தால் வெப்பத்தால் கெடும், தளர்ச்சி மிகுந்தால் அடியால் கெடும். தேவாரம் வரையிலோ கோம்பை வரையிலோ சமதளத்தில் ஒரு முறை ஓட்டித் திரும்பியதும், இரு பக்க ஹப்புகளின் வெப்பத்தையும் புறங்கையால் ஒப்பிட்டு, சக்கரத்தை மறுபடி தூக்கி ஆட்டத்தைப் பார்த்து, அதன் பிறகே ஆட்களை ஏற்றி மலைக்கு அனுப்ப வேண்டும்.